பாலத்தடியில் மச்சான் பிடித்த கயிறு

விழுப்புரம் மாவட்டத்தில் நான் இறங்காத கிணறு ஒன்று இருந்தால் அதில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. மயிலத்தில் கேளுங்கள், திருவாமாத்தூரில் கேளுங்கள், திண்டிவனத்தில் மல்லாட்டை மூட்டையோடு ஏலத்துக்கு நிற்கிற எந்த விவசாயியையும் கேளுங்கள். கிணற்றுக்குள் மோட்டார் விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் என் கடையைத்தான் கை காட்டுவார்கள்.

பள்ளிக்கூடத்தை அஞ்சாவதோடு விட்டேன். கோட்டக்குப்பத்தில் என் வயசுப் பிள்ளைகள் துபாய்ப் பக்கம் போய்த் துணிக்கடையில் நின்றார்கள், ஹோட்டலில் தட்டு கழுவினார்கள். நான் கப்பலுக்கு அடியில் போனேன். கப்பலின் அடிவயிற்றில் கொட்டலசு என்று ஓடும் கூடுமாக ஒன்று ஒட்டி வளரும். அதைச் சுரண்டுகிற வேலை. சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கப் பழக்கிவிட்டு, இங்கிலீஷில் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்துப் பரீட்சை என்றார்கள். நான் அதைத் திறக்கவே இல்லை. தண்ணீருக்குள் இறங்கிச் செய்து காட்டினேன். கார்டு கொடுத்துவிட்டார்கள். அந்தக் கார்டை இன்றைக்கும் திண்டிவனம் கடையில் என் போட்டோவுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரு சிலிண்டரும் ஒரு முகமூடியும்தான். கிணறு கிணறாக இறங்கி மோட்டார் தூக்கினேன். தூக்கின மோட்டாரை நானே ரிப்பேர் பண்ணக் கற்றுக்கொண்டேன். பிறகு நானே விற்றேன். இப்போது திண்டிவனத்தில் ஒரு பம்ப்செட் கடை, விழுப்புரத்தில் ஒன்று.

கிணற்றில் மோட்டார் மட்டுமா விழுகிறது? ஆட்களும் விழுவார்கள். விழுந்தவர்களையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கு யாரிடமும் எதுவும் வாங்கினது கிடையாது. எடுக்கும்போது அவர்களிடம் பேசிக்கொண்டே வருவேன். "வாம்மா, மேல போலாம். எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க" என்பேன். வாயில் காற்றுக் குழாய் கடித்திருப்பதால் பேச்சு வெளியே வராது. வெறும் குமிழியாகப் போகும். அந்தக் குமிழிகள் எங்களுக்கு முன்னால் மேலே போய்ச் சேரும். இத்தனைக்கும் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. போன மாசி வரைக்கும் தெரியாது.

மரக்காணம் போகிற வழியில், கழுவெளி ஏரித் தண்ணீர் கடலில் சேருகிற முகத்துவாரத்தின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. பாண்டிக்கும் மெட்ராஸுக்கும் கார்கள் அதன் மேல் பறக்கும். கண்ணாடியை இறக்கி ஒரு செல்ஃபி எடுத்தால் அதுவே பெரிசு. அந்தப் பாலத்துக்கு அடியில்தான் நான் இத்தனை வருஷமாக இறங்கிக்கொண்டு இருக்கிறேன். இதில் வேலை ஒன்றும் இல்லை, வரும்படியும் இல்லை. பார்ப்பதற்காக மட்டும். மழைத்தண்ணீர் வடிந்து, மாசி பங்குனியில் கடல் தண்ணீர் காலையில் உள்ளே ஏறும்போது, சேறாகக் கிடந்த இடம் இளநீர் மாதிரி தெளிந்துவிடும். கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்துச் சுழித்துப் பள்ளம் பறித்திருக்கிறது. அங்கே மட்டும் மூன்று ஆள் ஆழம்.

வெயிலில் இருக்கிற தண்ணீருக்கும் பாலத்து நிழலில் இருக்கிற தண்ணீருக்கும் நடுவே கத்தியால் வெட்டினது போல ஒரு கோடு இருக்கும். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் இருட்டு. கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் நம் கை நம் கை மாதிரி இருக்காது. உள்ளே போனதும் காதில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கும். அது இறால் ஜாதியில் ஒரு பொடிசு, கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம். தூண் முழுக்க ஆளிச் சிப்பி. நாம் கிட்டே போனால் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடும். மேலே லாரி போனால் அந்த அதிர்வு தூண் வழியாக இறங்கி நம் பல்லில் வந்து நிற்கும்.

இரண்டாவது தூணடியில் ஒரு அஞ்சாலை. பாம்பு உடம்பும் நாய்ப் பல்லுமாக, பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். ஏதோ சொல்ல வருகிற மாதிரியே இருக்கும். மூச்சு விடுகிறதுதான் அது, எனக்குத் தெரியும். இருந்தாலும் நின்று கேட்பேன். அதற்கு அப்பால் ஒரு பெரிய களவா மீன். ஆட்டுக்குட்டி பருமன் இருப்பான். டார்ச் அடித்தால் திரும்ப மாட்டான், நகர மாட்டான், கண்ணை மட்டும் உருட்டுவான். கல் என்று நினைத்துக் கை வைத்தால் கல் கண்ணைத் திறக்கும். அது பேய்க்கணவாய். எட்டுக் கையையும் சுருட்டிக்கொண்டு நிறத்தை மாற்றி உட்கார்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்பாள். "இன்னைக்கு யாரப் பாத்தீங்க?" என்பாள். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டதே இல்லை. அஞ்சாலையை அவள் வக்கீல் என்பாள், வாய் ஓயாததால். கடலுக்கு ஒரு மைலில் பிறந்து வளர்ந்தவள், தண்ணீருக்குள் தலை நனைத்தது கிடையாது. ஆனால் அந்தப் பாலத்தடியில் யார் யார் எந்தப் பொந்தில் குடியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

இனி கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏறின தண்ணீர் திரும்பக் கடலுக்கு வத்தத் தொடங்கினால் அந்தத் தூண்களுக்கு நடுவே இழுக்கிற இழுப்பு சாமானியமானது இல்லை. கடலில் கொண்டுபோய்த் துப்பிவிடும். அதனால் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்க மாட்டேன். கரையில் ஒரு ஆள் கயிறு பிடிக்க வேண்டும். அந்த ஆள் மச்சானாக இருக்க வேண்டும்.

இதைக் கப்பல் வேலையில் என்னோடு இருந்த கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். அவர் ஊரில் சங்கு எடுக்க முங்குகிறவர்கள் எல்லாம் மனைவியின் அண்ணன் தம்பியைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்களாம். கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுக்க மாட்டார்களாம். கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு இருக்கிறது. மச்சான் கயிற்றை விட்டால் அவன் அக்கா கழுத்துக் கருகமணி அறும், எங்களில் அதுதான் தாலி. அந்தப் பயத்தில் அவன் கை தளராது. ஆளை நம்பாதே, அந்தக் கருகமணியை நம்பு என்றார். எனக்கு அது பிடித்துப் போயிற்று. கணக்காக இருந்தது.

என் மனைவிக்கு ஒரே தம்பி. நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். கோட்டக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். குண்டு. முட்டிக்கு மேல் தண்ணீர் வந்தால் கலிமா சொல்ல ஆரம்பித்துவிடுவான். நீச்சல் தெரியாது, மீன் பிடிக்காது, வெயில் ஆகாது. ஆனால் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒரு இழுப்பு இழுத்தால் 'நல்லா இருக்கீங்களா' என்று அர்த்தம். நான் ஒன்று இழுத்தால் 'இருக்கேன்'. இரண்டு என்றால் 'கயிறு விடு'. மூன்று என்றால் 'தூக்கு'. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. அவனுக்கு மீசை நரைத்துவிட்டது, எனக்கு மீசையே போய்விட்டது, இன்னும் அவன்தான் பிடித்துக்கொண்டு இருந்தான்.

போன வருஷம் கடைசியில் என் மனைவி மவுத்தாகிவிட்டாள். சர்க்கரை, அப்புறம் கிட்னி. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி, வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்து, கை கழுவிக்கொண்டு இருந்தோம். எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மச்சானிடம் சொன்னேன்.

"பாலத்துக்குப் போயி ரொம்ப நாளாச்சி. சனிக்கெழம வர்றியா?"

"எதுக்கு?"

"இன்னாடா கேள்வி? கயிறு புடிக்கத்தான்."

அவன் துண்டில் கை துடைத்துக்கொண்டே சிரித்தான். "மச்சான், நான் கயிறு புடிச்சது எங்க அக்கா கருகமணிக்கு. அதத்தான் கழட்டி பொட்டியில வச்சாச்சே. இனிமே நீங்க எந்தப் பக்கம் போனா எனக்கு இன்னா?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "செம்ம கேள்வி!" என்று ஒருத்தர். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். அன்றைக்கும் கண் சிவந்து போய், சிரிக்க வேண்டுமே என்று சிரித்தான். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி உள்ளே போய் நின்றுகொண்டது. தலையைத் தட்டினாலும் இறங்கவில்லை. அவன் சொன்னது கணக்குப்படி சரி. நான் இத்தனை வருஷம் நம்பினது அவனை இல்லை.

கடை ஆட்கள் "நாங்க புடிக்கிறோம் முதலாளி" என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அவர்களுக்கு என் உயிரால் என்ன? நான் போனாலும் மாதச் சம்பளம் என் மகன் வந்து கொடுப்பான். கயிறே இல்லாமல் இறங்கலாமா என்றும் யோசித்தேன். கடைசியில் சனிக்கிழமை காலையில் மச்சானே வண்டியோடு வாசலில் வந்து நின்றான். "ஜல்தி வாங்க மச்சான், வெயில் ஏறிடப் போவுது" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

பாலத்துக்குப் பக்கத்துச் சரிவில் வண்டியை விட்டோம். தண்ணீர் ஏறி முடித்து அசையாமல் நின்றுகொண்டு இருந்தது. ஒரு கொக்குகூட இல்லை. அந்த நேரத்தில் வலை போடுகிற ஆட்கள் இருப்பார்கள், அன்றைக்கு அவர்களும் இல்லை. ஈயக் கட்டி கோத்த பெல்ட்டை இடுப்பில் கட்டி, கயிற்றை அந்தப் பெல்ட்டில் முடிந்தேன். மறு முனையை மச்சான் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான்.

"மச்சான்," என்றேன்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. செருப்ப கழட்டி வையி, நனையும்."

பிஸ்மி சொல்லி இறங்கினேன்.

அவ்வளவு தெளிவான தண்ணீரை நான் அங்கே பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டி நிழலுக்குள் போனேன். முதலில் எனக்குப் பட்டது சத்தம் இல்லாததுதான். அந்தக் கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை. என் மூச்சு மட்டும், இழுக்கிறது, விடுகிறது. தூணுக்குக் கிட்டே போனேன். சிப்பிகள் எல்லாம் ஏற்கெனவே மூடியிருந்தன. அஞ்சாலையின் பொந்தில் டார்ச் அடித்தேன். இருந்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தான். அஞ்சாலை வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்ததே கிடையாது.

மடவை மீன் குட்டிகள் ஒரு கூட்டம், எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து அசையாமல் நின்றன. அவை பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். இருட்டுதான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் பாலத்திலிருந்து மனுஷர்கள் போட்டதெல்லாம் கிடக்கும். காரியம் முடிந்து போட்ட பானை, வேண்டிக்கொண்டு போட்ட வளையல், பிள்ளையார் சதுர்த்திக்குக் கொண்டுவந்து கரைத்த சிலைகளின் மரச்சட்டம். மண் கரைந்துபோய், சட்டம் மட்டும் உட்கார்ந்த வாக்கிலேயே இருக்கும். மீன் அதற்குள் குடியிருக்கும். அவற்றை நான் தொடுவதில்லை. சுற்றிக்கொண்டுதான் போவேன். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு பெரிய சட்டத்தைச் சுற்றிக்கொண்டு களவாவைத் தேடிப் போனேன்.

இடுப்பில் ஒரு இழுப்பு. நல்லா இருக்கீங்களா?

மனசு குளிர்ந்தது, சும்மா சொல்லக் கூடாது. பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான். நான் ஒன்று இழுத்தேன். இருக்கேன்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒன்று. பதில் கொடுத்தேன். உடனே இன்னொன்று. அதற்கும் கொடுத்தேன். இவன் இப்படி ஓயாமல் கேட்கிறவன் இல்லையே என்று நினைத்தேன். வழக்கமாக வெடுக்கென்று இழுப்பான், ரிப்பேர் கடைக்காரன் கை. இது அப்படி இல்லை. மெதுவாக, துணி உலர்த்துகிறவர்கள் கொடியை இழுத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

களவாவின் பொந்தில் டார்ச் அடித்தேன். காலி. வாசலில் மணல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அப்போது தண்ணீர் திரும்பினது. அதை உடம்பு சொல்லும். முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். வத்தத் தொடங்கிவிட்டது. அதோடு உள்பக்கத்துச் சேறு கலங்கி, டார்ச் வெளிச்சம் முழங்கைக்கு மேல் போகவில்லை. போதும் என்று மூன்று இழுத்தேன். தூக்கு.

மூன்று பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதே மெதுவான இழுப்பு.

ஆனால் யாரும் தூக்கவில்லை.

மறுபடி மூன்று கொடுத்தேன். மறுபடி மூன்று வந்தது. கயிறு ஒரு சாண்கூட நகரவில்லை. தண்ணீர் என்னைக் கடல் பக்கம் தள்ளுகிறது, கயிறு பிடித்து நிறுத்துகிறது, நடுவே நான் கொடியில் போட்ட லுங்கி மாதிரி ஆடிக்கொண்டு இருக்கிறேன். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. இனிமே நீங்க எந்தப் பக்கம் போனா எனக்கு இன்னா? அவன் கேட்டுவிட்டான், பதிலும் சொல்கிறான், ஆனால் தூக்கவில்லை. எத்தனை கிணற்றில் எத்தனை பேரை எடுத்தவன் நான். என்னை எடுக்க யார் வருவார்கள், என்னிடம் என்ன பேசிக்கொண்டு எடுப்பார்கள் என்று யோசித்தேன். மூச்சு வேகமாகப் போயிற்று. காற்று அளவு காட்டுகிற முள் சிவப்பில் நின்றது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கை மாற்றிக் கை மாற்றி வந்த வழியே திரும்பினேன். கரை வரும் என்று நினைத்தேன். வந்தது அந்த மரச்சட்டம். கயிறு அதன் இடுப்பைச் சுற்றி இறுகிக் கிடந்தது. ஒரு பக்கம் உரசிக்கொண்டு போயிருந்தால் ஒத்துக்கொள்வேன், நான்தான் சுற்றிப் போனேன். இது அப்படி இல்லை. சுற்றுமேல் சுற்று. பக்குவமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், வரிசையாகச் சுற்றியிருந்தது. நான் அதை ஒரு தரத்துக்கு மேல் சுற்றவில்லை. இது சத்தியம்.

சட்டத்துக்கு அந்தப் பக்கம், கரைக்குப் போகிற கயிறு விறைத்து நின்றது. வெடுக் வெடுக்கென்று இழுபட்டுக்கொண்டு இருந்தது. மச்சானின் கை. அந்த இழுப்பில் ஒரு இம்மிகூடச் சட்டத்தைத் தாண்டி என் பக்கம் வரவில்லை. கை வைத்துப் பார்த்தேன். வரவில்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் நான் பதில் சொன்னது அவனுக்கு இல்லை.

என் பக்கத்துக் கயிற்றில் அப்போது மறுபடி ஒன்று வந்தது. நல்லா இருக்கீங்களா?

பதில் கொடுக்கக் கை போயிற்று. அடக்கிக்கொண்டேன். பெல்ட்டின் கொக்கியைத் தட்டினேன். ஈயமும் கயிறும் என்னை விட்டுக் கீழே போயின. காற்றை ஊதிக்கொண்டே மேலே வந்தேன்.

தலை வெளியே வந்ததும் கரையைப் பார்த்தேன். மச்சான் இல்லை. பை இருக்கிறது, செல்போன் அதன் மேல் இருக்கிறது, ஜோடி சேர்த்து வைத்த செருப்பு இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பாலத்தடியில் யாரோ கலிமா சொல்கிற சத்தம் கேட்டது. ஒரு ஆள் குரல் இல்லை. முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், இன்னும் பின்னால் நாலு பேர். மவுத்தானவரின் மையத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற கூட்டம் சொல்லுமே, அந்த மாதிரி. உச்சி வெயில் வரப்போகிற நேரத்தில் என் உடம்பெல்லாம் புல்லரித்து நின்றது.

முதல் தூணைக் கட்டிக்கொண்டு தடுமாறி அந்தப் பக்கம் போனேன். மச்சான் இருந்தான். அவன் ஒருத்தன்தான். பாலத்துக் கூரையில் பட்டுப்பட்டு அவன் குரல்தான் அத்தனை பேராகத் திரும்பிக்கொண்டு இருந்தது. சிப்பிப் பாறை மேல் கால் விரலை ஊன்றிக்கொண்டு, தாடை வரைக்கும் தண்ணீர். கண்ணை இறுக்கி மூடியிருந்தான். சட்டையோடு இறங்கியிருந்தான். கயிறு மணிக்கட்டிலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கரையிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறான், முட்டி நனையப் பயப்படுகிறவன். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் பள்ளம்.

"மச்சான்!" என்றேன்.

கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு கையில் இருந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னை.

"நீங்க இங்க இருக்கீங்க," என்றான்.

"இங்கதான இருக்கேன்."

"அப்ப கயித்துல யாரு?"

நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். காலெல்லாம் சிப்பி கிழித்து ரத்தம். மண்ணில் உட்கார்ந்து இரைத்தான். கொஞ்சம் மூச்சு வந்ததும் திட்ட ஆரம்பித்தான்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? எறங்கின ஒடனே மூணு. மறுபடி மூணு. நிறுத்தாம மூணு மூணா இழுத்துக்கினே இருக்கீங்க. நான் தூக்கறேன், தூக்கறேன், வர மாட்டேங்குது. பேஜாரா போச்சி. கூப்புட ஒரு ஆளு இல்ல."

"எறங்கின ஒடனேயா?"

"ஒடனே! நீங்க நெழலுக்குள்ள பூந்தீங்களே, அப்போலேர்ந்து."

நான் முதல் முறை மூன்று இழுத்தது தண்ணீர் திரும்பின பிறகுதான். அதை அவனிடம் சொன்னேன். அவன் என்னை முறைத்துப் பார்த்தான். பொய் சொல்கிறேனா என்று பார்த்தான் போல. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒனக்குத்தான் நீச்சல் தெரியாதே. ஏண்டா எறங்கின?" என்றேன். அடுத்ததையும் கேட்டுவிட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "கருகமணிதான் பொட்டிக்குப் போயிடிச்சே."

"நான் ஒரு வார்த்த சொன்னா அத வச்சிக்கினு சுத்துவீங்களா?" என்று சத்தம் போட்டான். "சோறு தின்ன வாயில சொன்னது. அதுக்கு இன்னா இப்ப? தூக்கச் சொன்னா தூக்கறதுதான். வரலன்னா உள்ள போயிப் பாக்கறதுதான். வேற இன்னா பண்ணுவாங்க?" மூக்கைச் சிந்திப் போட்டான். "தண்ணி ஐஸா இருக்குது சனியன்."

அவன் காலை என் மடியில் தூக்கி வைத்து, சிப்பித் துண்டை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

பிடுங்கிக்கொண்டு இருக்கும்போதே அவன் கை லேசாக முன்னால் போய்த் திரும்பி வந்தது. மணிக்கட்டில் கயிறு இன்னும் சுற்றித்தான் இருந்தது. மறு முனையில் ஈயத்தையும் மரச்சட்டத்தையும் தவிர ஒன்றும் கிடையாது. இரண்டு பேரும் கயிற்றைப் பார்த்தோம். அது மண்ணில் கிடந்து, தண்ணீருக்குள் போய், நிழல் கோட்டில் மறைந்திருந்தது. தளர்ந்து கிடந்த கயிறு மெல்ல மண்ணை விட்டு எழுந்தது. நிமிர்ந்து, ஒரு தரம் இழுத்தது. மறுபடி படுத்துக்கொண்டது. மேலே பாலத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"தண்ணி வத்துதுல்ல, அதான்," என்றேன்.

"ஆமா, அதான்," என்றான்.

தண்ணீர் வத்தும்போது ஒரே சீராக இழுக்கும். நிறுத்தி நிறுத்தி இழுக்காது. அது எனக்கும் தெரியும், இத்தனை வருஷம் கரையில் உட்கார்ந்திருந்த அவனுக்கும் தெரியும்.

"விட்டுடவா மச்சான்?" என்று கேட்டான்.

விடு என்று சொல்ல வேண்டியதுதான். ஒரு பெல்ட், கொஞ்சம் ஈயம், ஒரு பழைய நைலான் கயிறு. நான் இழந்ததில் இதெல்லாம் ஒரு சாமானா? சொல்ல வாய் வரவில்லை. அவனும் கேட்டானே தவிர விரலைத் தளர்த்தவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தோம். தூரத்துப் பள்ளியில் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்கிற சத்தம் காற்றில் வந்தது. இடையில் இன்னும் இரண்டொரு தரம் அது இழுத்தது.

பாங்கு முடிந்ததும் மச்சான் மணிக்கட்டிலிருந்து கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தான். கபுர்ஸ்தான் வாசலில் நின்று உள்ளே அடங்கியிருப்பவர்களுக்குச் சொல்வோமே, அந்தக் குரலில், பாலத்தடியைப் பார்த்து சலாம் சொன்னான். சொல்லிவிட்டு விரலைத் திறந்தான்.

கயிறு அவசரப்படவில்லை. மண்ணில் ஒரு கோடு போட்டுக்கொண்டே தண்ணீருக்குள் போயிற்று. கடைசி முனை நிழல் கோட்டுக்கு உள்ளே போகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். அவன் காலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கோட்டக்குப்பம் வளைவில் திரும்பும்போது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"புதுக் கயிறு வாங்குறப்ப நைலான் வேணாம் மச்சான். கைய அறுக்குது. பருத்தியில பாருங்க, நல்லா தடிமனா."

"சரி," என்றேன்.

"நீளமும் கொஞ்சம் கூட்டி வாங்குங்க," என்றான்.